வாத்துக் குஞ்சு கோழிக் குஞ்சன்று



நம் தோட்டத்தில் வாத்து வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் உள. பத்துக் குஞ்சுகளை விலைக்கு வாங்கி வருவர். மூன்றாம் வாரத்தில் நான்கோ ஐந்தோ எஞ்சியிருக்கும். கேட்டால், "கைராசி இல்லை, ஐயா" என்பர். கைராசிக்கு இதில் இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. குஞ்சுகள் மடிவதற்குப் பெரும்பாலும் காரணம், நாம் அவற்றைக் கோழிக் குஞ்சுகளாகவே எண்ணித் தீனி போடுவதும், போட்ட பின்னர் அவற்றை உற்று நோக்காது விட்டுவிடுவதுமே ஆகும்.

முதற்கண் தீனியைப் பற்றிக் கூறுவேன். கடையில் விற்கும் குஞ்சுத் தீனி கோழிக்கென்றே கலக்கப்படுவது. நியாசின் எனப்படும் உயிர்ச்சத்து ஒரு கிலோ தீனியில் ஏறத்தாழ 35 மில்லிகிராம் இருந்தால் கோழிக் குஞ்சுக்குப் போதும். வாத்துக் குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் வேண்டும். அது குறைந்தால் கால்கள் வளைந்து, மூட்டு வீங்கி, குஞ்சு நடக்கவியலாமல் அமர்ந்துவிடும். தீனித் தட்டு அருகிலிருந்தும் அதனை எட்ட இயலாமல் மெலிந்து மாளும். மீந்த சோற்றையும் ரொட்டித் துண்டையும் மட்டுமே தின்னும் குஞ்சின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதன் வயிறு நிறையும்; எலும்பும் சதையும் வளரா. முதல் மூன்று வாரங்களுக்குத் தீனியில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சமையலுக்குக் கிள்ளி எறியும் நெத்திலித் தலைகளை உப்புப் போக நன்கு கழுவி, இடித்துக் குஞ்சுத் தீனியுடன் கலக்கலாம். சத்துக்கென விற்கும் ஈஸ்டுத் தூளைச் சிறிது தூவலாம். பொடியாக அரிந்த கீரையும் நன்று. உப்பு மட்டும் மிகுதல் கூடாது. இளங்குஞ்சு அதனைத் தாங்காது.

"மனிதர் தின்ன முடியாததைத்தானே வாத்துக்குப் போடுகிறோம்" என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். பூசணம் பிடித்த ரொட்டி, ஈரம் பாய்ந்த சோளம், கெட்டுப்போன கடலை ஆகியவற்றைத்தான் அவர்கள் குறிப்பிடுகின்றனர். இப்பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள், காரணம் புலப்படாமல் கூட்டங்கூட்டமாக மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் அவ்வாறே மாண்டன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சே அதற்குக் காரணம் என அறிஞர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். அஃப்லாடாக்சின் என்பது அந்நஞ்சின் பெயர். ஓர் உணவுப் பொருளில் அது கலந்துள்ளதா என ஆராய்வதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த உயிர் எது தெரியுமா? பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக் குஞ்சு! அவ்வளவு எளிதில் அந்நஞ்சுக்கு இரையாகும் உயிருக்கு நாம் பூசணத்தை அள்ளிப் போடுகிறோம்.

அடுத்தது தண்ணீர். வாத்து என்றாலே நீந்தும் என்று எண்ணி, இரண்டு நாள் குஞ்சை அல்லூற்றில் விடுவது பெருந்தவறு. தாயின் துணையின்றி வளரும் குஞ்சின் மென்மயிர் எளிதில் நனைந்துவிடும். குளிரில் விறைத்து மூழ்கிவிடும். கோழியை அடைக்கு வைத்து வாத்து முட்டை பொரிக்கச் செய்வோர் இதனை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். தண்ணீரில் இறங்கிய பிள்ளைகளைக் கரையில் நின்று கூவிக் கூவி அழைக்கும் அந்தக் கோழித்தாயைக் காண வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆயினும் அதன் அச்சத்தில் நியாயம் உண்டு. அதே வேளையில், தண்ணீரே இல்லாமல் உலர்ந்த தீனியை மட்டும் வைத்தால் குஞ்சுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்ள, அலகு முழுதும் அமிழும் ஆழத்தில் தண்ணீர் வேண்டும். ஏறி விழுந்துவிடாதபடி கலத்தில் சில கற்களை இட்டு வைத்தல் நலம்.

தீனியும் நீரும் வைத்தாயிற்று. இனி உற்று நோக்க வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 32 பாகை வெப்பம் தேவை; பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகள் விளக்கின்கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் அவற்றுக்குக் குளிர்கிறது. மூலைகளுக்கு விலகி வாய் திறந்து மூச்சிறைத்தால் வெப்பம் மிகுதி. பரவலாகப் படுத்துறங்கினால் குறையொன்றுமில்லை. நம் நாட்டில் பகலில் விளக்குத் தேவைப்படுவது அரிது. மழை பெய்யும் இரவில்தான் ஆபத்து.

எல்லாவற்றினும் மேலாக நான் வலியுறுத்த விரும்புவது தராசு. பொரித்த அன்று பெக்கிங் வாத்துக் குஞ்சின் எடை ஏறத்தாழ 55 கிராம், அதாவது ஒரு கோழி முட்டையின் எடை. நல்ல தீனி கிடைத்தால் ஒரே வாரத்தில் அது 250 கிராமைத் தாண்டும். ஏழாம் வாரத்தில் மூன்று கிலோவை எட்டும். மற்ற வகைகள் இத்துணை விரைவாக வளரா. எனினும் அவற்றின் எடையும் வாரந்தோறும் உயர்ந்தே ஆக வேண்டும். எடை உயராமல் நின்றால் ஏதோ கேடு தொடங்கிவிட்டது என்று பொருள். கண்ணுக்குப் புலப்படும் முன்னரே தராசு அதனைக் காட்டிவிடும். சிறகு இறகுகள் முளைக்கும் காலத்தில் சில குஞ்சுகளின் சிறகு நுனி வெளிப்புறமாகத் திரும்புவதுண்டு. அன்றே கண்டு, மெல்லிய துணிப்பட்டையால் சிறகை உடலோடு சேர்த்துச் சில நாள்கள் கட்டினால் நேராகிவிடும். வளர்ந்தபின் கண்டால் பயனில்லை.

பள்ளித் தோட்டத்தில் பன்னிரண்டு குஞ்சுகளை வளர்த்து, மாணவர்களைக் கொண்டே எடைக் கணக்கு எழுதச் செய்யலாம் என்று நான் முன்மொழிந்தபோது, "எங்கள் பிள்ளைகள் வாத்து மேய்க்கவா பள்ளிக்கு வருகிறார்கள்?" என்று ஒரு தந்தையார் வினவினார். அவ்வினாவில் இருந்த வேதனையை நான் அறிவேன். காலமெல்லாம் பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்தவர், தம் மகன் நிழலில் அமர்ந்து பணியாற்ற வேண்டும் என விழைவதில் குற்றமென்ன? ஆனால் அறிவியல் பாடத்தின் முதல் திறனே உற்றறிதல்தான்; அளவெடுத்தலும் ஊகித்தலும் அதன் பின்னரே வருகின்றன. நாம் இத்திறன்களைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். 2021ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. தாய்சேய் நல மருந்தகத்தில் தாதியர் நம் குழந்தைகளை நிறுத்து, அட்டையில் குறிப்பதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். நான் கேட்கும் எடைக் கணக்கும் அத்தகையதே. மூன்றாம் வாரத்தில் ஏன் எடை நின்றது என்று ஒரு சிறுமி தானே ஏட்டைப் புரட்டிப் பார்ப்பாளாயின், அதனை வாத்து மேய்த்தல் என்று நான் அழைக்க மாட்டேன்.

பெற்றோர் அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. கிளந்தானில் 2004ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் பறவைக் காய்ச்சல் பரவிற்று. வாத்து நோயின் அறிகுறி காட்டாமலே அக்கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். ஆகவே குஞ்சைத் தொட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவாத மாணவர்க்குக் கூண்டருகே இடமில்லை. திடீரெனப் பல பறவைகள் ஒருசேர இறந்தால் அவற்றைத் தொடுவதோ சமைப்பதோ கூடாது. கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த வரிசைகளிலும் குஞ்சுகளை மேயவிடலாகாது.

வாத்து முட்டை பொரிக்க 28 நாள்கள் ஆகும். மணிலா வாத்தாயின் 35 நாள்கள். அக்காலத்திற்குள் கூண்டின் வலையைச் சரிசெய்தாக வேண்டும், ஏனெனில் உடும்பும் எலியும் நமக்காகக் காத்திருக்கமாட்டா. ஐந்தாம் ஆண்டு மாணவர் அறுவர் எடை எழுத முன்வந்துள்ளனர். பள்ளி விடுமுறை நாள்களில் தண்ணீர் மாற்றும் பொறுப்பை மட்டும் இன்னும் எவரும் ஏற்கவில்லை. பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பெற்றோர் இருவர் இசைந்தால் போதும். அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.