யாரை வென்றார்கள்?

நீர்வேலிச் செம்மண்ணில் கதலியும் இதரையும் இன்றைக்கும் குலை தள்ளுகின்றன. 1995 ஒக்டோபர் கடைசியில் இராணுவம் அந்தத் தோட்டங்கள் வரை வந்துவிட்டது. 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. கொட்டும் மழை. இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை, சைக்கிள் கரியரில் கிழவி. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் கொள்ளாத சனம். நான்கு இலட்சத்துக்குக் குறையாது.

அதற்கு முந்திய ஐந்து வருடமும் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கொழும்பு இதற்கு வைத்த பெயர் ‘சமாதானத்துக்கான யுத்தம்’.

டிசம்பரில் ஆளில்லாத யாழ் நகரில் கொடியேற்றினார்கள். பிறகு கொழும்பில் விழா. பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்த, பழைய அரசர் காலப் பாணியில், வெற்றிச் சுருள் ஒன்றை ஜனாதிபதி சந்திரிகாவிடம் கொடுத்தார். எந்த அரசும் தன் குடிமக்களின் ஊரைப் பிடித்துவிட்டோம் என்று சுருள் எழுதாது. நாங்கள் குடிமக்களாக எண்ணப்படவில்லை என்பதற்கு அரசே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் அது.

ஒலிபெருக்கி கட்டிப் போகச் சொன்னது புலிகள்தானே என்பார்கள். சொன்னார்கள்தான். ஷெல் எங்கிருந்து வந்தது? புலிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு: சரியாக ஐந்து வருடத்துக்கு முன், 1990இன் அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை வெறுங்கையோடு துரத்தினார்கள். அன்றைக்கு நம்மில் பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் நம்முடையது. அதைக் காட்டி அரசு தன் கையைக் கழுவ முடியாது.

1996இல் ஊர் திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானோர் இராணுவத்தின் பிடியில் காணாமற்போனார்கள். செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னவர், மரண தண்டனை பெற்ற ஒரு சிப்பாய். மறுவருடம் 15 எலும்புக்கூடுகளை எடுத்ததோடு தோண்டல் நின்றது. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்டவை வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு.

தோண்டியதை அரசு மறுபடி மண் போட்டு மூடக்கூடாது. சர்வதேச நிபுணர்கள் முன்னிலையில் எலும்புகள் ஆராயப்பட வேண்டும். கட்டளையிட்டவர்கள் எந்தப் பதவியில் இருந்திருந்தாலும் கூண்டில் ஏற்றப்பட வேண்டும். காணாமற்போனோரின் தாய்மார் பலர் பதில் எதையும் கேட்காமலே கண்மூடிவிட்டார்கள்.