ரத்தத்தில் சாதி தெரியுமா?

திருச்சுழிப் பக்கம் எங்க காலனியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணிச் செடியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பொண்ணு கேட்டாள்: "ரத்தத்துல சாதி தெரியுமா சார்?"

தெரியாது. சாதிக்கு மரபணு கிடையாது. ஆனால் யாரிடம் முதலில் ரத்தம் கேட்பது என்பது சாதிக்குத் தெரியும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம சனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கிடந்தது. 2023இல் அந்தத் தண்ணியைக் குடித்தவர்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டது போலீசு. எட்டுப் பேர் மறுத்தார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 31 பேரைச் சோதித்தும் ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாமலே, 2025 ஜனவரியில் அவ்வூர்த் தலித்துகள் மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது.

ஒருத்தன் ரத்தம் அவன் ஆத்தா அப்பன், பிள்ளைகள் சங்கதியையும் சேர்த்துச் சொல்லும். கேட்பவனிடம் "எதுக்கு? அப்புறம் அதை என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்பதும் மரபியல் பாடம்தான். அதையும் சொல்லிக்கொடுப்போம்.