மின்கலம் கட்டும் கைகளைத் தடுக்காதீர்!

மூன்று மணி நேரம் நடக்கும் பொங்கல் விழா நாடகத்தைப் படம் எடுக்க முனையும் மாணவனுக்கு டிஜிட்டல் காமிராவில் முதலில் கைகொடுக்க வேண்டியது பேட்டரி. முதலில் கைவிடுவதும் அதுவே. ஆகவே, வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டும் பேட்டரித் தொகுப்பைத் தாமே கட்டிக்கொள்ள நம் மாணவர் சிலர் முனைகின்றனர். இது வேண்டாத வேலை என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை.

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவை எண்ணிப் பாருங்கள். அதன் லென்ஸ், உதிரிப் பாகங்கள் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தது. அதற்கு உயிரூட்டியவை 16 நிக்கல் காட்மியம் மின்கலங்கள். காமிராவே பொறுக்கிச் சேர்த்த பொருள்களால் பிறந்திருக்க, அதன் பேட்டரியை மட்டும் தீண்டலாகாது என்பது என்ன நியாயம்?

இதில் மாயம் ஏதுமில்லை. 2008இல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 2 காமிராவின் பேட்டரி 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் மணி; ஏறத்தாழ 13 வாட் மணி. 18 மில்லி மீட்டர் விட்டமும் 65 மில்லி மீட்டர் நீளமும் உடைய லித்தியம் அயனிக் கலங்கள், தலைக்கு 3000 மில்லி ஆம்பியர் மணி என நான்கை எடுத்துக்கொள்வோம். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அவ்விரு சோடிகளையும் தொடராக இணைத்தால் அதே 7.2 வோல்ட்டில் 43 வாட் மணி கிடைக்கிறது. மூன்று மடங்குக்கும் மேல்! பேட்டரியின் வடிவில் அமைந்த வெற்றுக் கூட்டைக் காமிராவினுள் செருகி, கம்பி வழியே மின்சாரம் செலுத்தினால் போதும். பள்ளியில் படித்த பௌதிகம் இங்கே பயன் தருகிறது.

ஆனால், அறிவோடு அச்சமும் வேண்டும். ஒரு கலம் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலும், முனைகள் தவறி ஒன்றையொன்று தொட்டாலும் தீப்பற்றக்கூடும். பாதுகாப்புச் சுற்றுப் பலகை, பியூஸ், ஒரே வகையான புதிய கலங்கள், தக்க சார்ஜர் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் கட்டாதிருப்பதே மேல். கலத்தின் மீது சூட்டுக்கோலை அழுத்திப் பற்றவைப்பதும் தவறு. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் முறையில் பொருத்துவதே முறை. காசை மிச்சப்படுத்தக் காமிராவையும் விடுதி அறையையும் பணயம் வைப்பது சிக்கனமன்று, பேதைமை.

“அப்படியானால் தடை விதித்துவிடலாமே!” என்று மேலோர் சொல்லலாம். தடை ஆவலை அழிப்பதில்லை; கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறது. மேற்பார்வையற்ற அந்த இருட்டில்தான் விபத்து பிறக்கிறது. மாறாக, ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை, ஒரு வெல்டிங் கருவி, ஒரு மணல் வாளி, வாரத்தில் ஒரு மாலை வழிகாட்ட ஓர் ஆசிரியர் - இவ்வளவையும் தந்தால் போதும். சோதித்து ஒப்புக்கொண்ட பிறகே தொகுப்பு வெளியே செல்லட்டும்.

புத்தகத்தில் படித்ததைக் கையால் செய்து பார்க்கத் துணியும் மாணவர், பல்கலைக் கழகத்துக்குத் தொல்லை அல்லர், அதன் செல்வம். பெரியோர்களே, கதவைச் சாத்தாதீர்! நண்பர்களே, திறந்த கதவின் மதிப்பைக் காப்பாற்றுங்கள்!