வியர்வை உண்டாக்காத வஸ்திரம்



கடந்த மே மாதத்தில், பிறந்து சில மாதங்களே ஆன ஒரு குழந்தைக்காக ஜெபிக்கும்படி நம் சபையார் வீடொன்றிற்குச் சென்றிருந்தேன். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அன்போடு பின்னிக் கொடுத்த உல்லன் ஸ்வெட்டரும் குல்லாவும் அக்குழந்தைக்கு அணிவிக்கப்பட்டிருந்தன. போதகர் வருகிறார் என்பதற்காகவே அணிவித்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் தாயார் அதைக் கழற்றினார். கழுத்திலும் மார்பிலும் வேர்க்குரு சிவந்திருந்தது. "பரவாயில்லை ஐயா, சபையார் கொடுத்ததல்லவா" என்றார். அச்சொல் இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை. அந்த ஈவை ஆசீர்வதித்துக் கொடுத்தவன் நானே.

ஸ்வெட்டர் என்றவுடன் தடித்த கம்பளியே நம் நினைவுக்கு வருகிறது. 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மிஷனெரிகள், சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பக் கொடைக்கானலில் வீடுகள் கட்டினார்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்குக் கம்பளி தகும். கீழே திண்டுக்கல்லில் வாழும் நமக்கு, மார்கழி, தை மாதங்களின் அதிகாலைப் பனிக்கு மெல்லிய மேலாடை ஒன்றே போதும். மேலும், உல்லன் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக் நூல். அது வியர்வையை உறிஞ்சாது.

எசேக்கியேல் 44ஆம் அதிகாரம் 17, 18 வசனங்களைத் தியானியுங்கள். உட்பிராகாரத்தில் ஊழியம் செய்யும் ஆசாரியர் ஆட்டுமயிர் உடையைத் தவிர்க்கவேண்டும். வியர்வை வருவிக்கும் எதையும் கட்டிக்கொள்ளலாகாது. இது பரிசுத்தத்தைக் குறித்த பிரமாணம் என்பதை அறிவேன். ஆயினும், அணிகிறவனுடைய வியர்வையும் தேவனுடைய கவனத்துக்கு உட்பட்டது என்பதை இங்கே காண்கிறேன். அன்னாளையும் நினைவுகூருங்கள் (1 சாமுவேல் 2:19). தூரத்தில் வளரும் மகனுக்கு வருஷந்தோறும் சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வருஷமும் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமல்லவா?

ஆகையால், இனி நம் சங்கத்தில் பருத்தி நூலால் மெல்லிய ஸ்வெட்டர் பின்னவேண்டும் என்பதே என் கருத்து. நூற்பாலைகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அருகிலுள்ள சின்னாளப்பட்டி, பருத்திச் சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. நம் திருச்சபைகளுக்கும் இது புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அக்கைத்தொழில் ஏழைப் பெண்களுக்குச் சொந்த வருமானத்தைத் தந்தது.

கம்பளி பின்னிப் பழகிய கைகளுக்குப் பருத்தி சற்றுக் கடினமே. அது இழுபட்டு மீளாது, கனமும் அதிகம். தடித்த நூலில் பின்னினால் உடை தன் பாரத்தாலேயே தொங்கிவிடும். எனவே மெல்லிய நூலை எடுத்து, வழக்கத்தைவிடச் சற்றுப் பருத்த ஊசியால் தளர்வாகப் பின்னுங்கள். முதலில் ஒரு சாண் சதுரம் பின்னித் துவைத்து, சுருங்குகிறதா என்று அளந்தபின் தொடங்குங்கள். காற்றுப் புகத் துளைப் பின்னல் நல்லது. ஆனால் குழந்தையின் விரல் சிக்குமளவு துளை வேண்டாம். பிறந்த முதல் நாட்களிலும், எடை குறைந்த சிசுக்களுக்கும் எவ்வளவு சூடு வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

"அன்போடு கொடுப்பது போதாதா, ஐயா?" என்று சிலர் கேட்கலாம். யோப்பா பட்டணத்து விதவைகள், தொற்காள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 9:39). அவள் அவர்களோடிருந்த காலத்தில் செய்தவை அவை என்று வேதம் கூறுகிறது. அவர்களோடு இருந்தவளுக்கு அவர்கள் தேவை தெரிந்திருக்கும். நம் ஈவைப் பெறுகிறவர்கள் நன்றியினிமித்தம் குறை சொல்லமாட்டார்கள். ஆகையால் கொடுக்குமுன் நாமே அவர்களிடம் போய்க் கேட்போம். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்பளிப்புக்கு ஊசியை எடுக்குமுன், ஒவ்வொரு சகோதரியும் ஒரு வீட்டைச் சந்தித்துவர வேண்டுகிறேன். நானும் அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

ஜெபம்: எங்கள் சரீரத்தின் பலவீனத்தை அறிந்த கர்த்தாவே, பிறருடைய தேவையைக் கேட்டறியும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் கைகளின் கிரியை எவருக்கும் பாரமாகாதிருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.