யூக்காவுக்கு இரக்கம் வேண்டாம், வெளிச்சம் போதும்

நம்ம பிளாக் வராண்டாவில் நிற்கிற யூக்கா செத்துக்கிட்டு இருக்கு. கீழ் இலைகள் எல்லாம் மஞ்சள், மேல் இலைகள் தொங்கிப் போச்சு. பார்க்கிறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "பாவம், யாரும் தண்ணியே ஊத்தலை போல." சொல்லிட்டு, பாட்டில்ல மிச்சம் இருக்கிற தண்ணியை ஊத்திட்டுப் போறாங்க. அந்தச் செடியைக் கொல்றதே இந்த இரக்கம்தான் என்பது என் கருத்து.

யூக்காவோட ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். எல் சால்வடார் நாட்டோட தேசிய மலரே இதோட பூதான். அங்கே அதை முட்டையோட சேர்த்துச் சமைச்சும் சாப்பிடுவாங்க. தடியான தண்டுல தண்ணியைச் சேர்த்து வச்சுக்கிட்டு, நல்ல வெயில்ல நிற்கிற செடி அது. ரெண்டு வாரம் தண்ணி இல்லைன்னா அதுக்கு ஒண்ணும் ஆகாது. தினமும் தண்ணி ஊத்தினாதான் ஆபத்து.

காரணம் சிம்பிள். வேருக்கும் ஆக்சிஜன் வேணும். மண் எப்பவும் சொதசொதன்னு இருந்தா, காத்து இருக்க வேண்டிய இடைவெளியில எல்லாம் தண்ணி நிக்கும். வேர் அழுகும். அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது. அதனால ஈர மண்ணுல நின்னுக்கிட்டே செடி வாடும். நாம அதைத் தாகம்னு நினைச்சு இன்னும் ஊத்துவோம்.

அடுத்தது வெளிச்சம். நல்ல வெயில்ல வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். டியூப் லைட் மட்டும் எரியற வராண்டாவில் சில நூறு லக்ஸ்தான். நம்ம கண்ணு ரெண்டுக்கும் பழகிக்கும், இலையால அது முடியாது. வெளிச்சம் குறைஞ்சா செடி எடுத்துக்கிற தண்ணியும் குறையும், மண் காயவே காயாது.

காப்பாத்த முடியுமா? முடியும். முதல்ல தண்டை அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. தொட்டியிலிருந்து எடுத்து, கொழகொழன்னு நாத்தம் அடிக்கிற வேர்களைச் சுத்தமான கத்தியால வெட்டிடுங்க. அடியில ஓட்டை இருக்கிற தொட்டியில, செம்மண்ணோட நிறைய மணல் கலந்து நடுங்க. ஒரு வாரம் தண்ணி வேண்டாம். அப்புறமும், ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. அடித்தண்டு அழுகியிருந்தா, மேலே கெட்டியா இருக்கிற பகுதியை வெட்டி, சில நாள் காயவிட்டு நட்டாலே வேர் பிடிக்க வாய்ப்பு இருக்கு.

தொட்டியை ஜன்னல் பக்கம் மாத்துங்க. ஒரேடியா உச்சி வெயில்ல வச்சா இலை கருகும், ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. நடுக்குருத்துல புது இலை வருதான்னு பாருங்க. அதுக்கு ஒண்ணு ரெண்டு மாசம்கூட ஆகலாம்.

நம்மகிட்ட இல்லாதது இந்தப் பொறுமைதான். இன்ஸ்பெக்ஷன் வருதுன்னா புதுச் செடிகளை வாங்கி வரிசையா வைக்கிறோம். வாடினா ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்குத் திட்டு விழுது. அவங்களும் பயந்துபோய் இன்னும் ரெண்டு மக் ஊத்துறாங்க. செடியை இருட்டுல வச்சது அவங்க இல்லையே! அழகுக்காக இடம் பார்த்தோம், செடிக்காகப் பார்க்கலை.

"எல்லாரும் பார்த்துக்கலாம்"னு விட்டா இப்படித்தான் ஆகும். ஒரு செடிக்கு ஒரு ஆள் போதும். கடைசியா தண்ணி ஊத்தின தேதியைத் தொட்டியிலேயே எழுதி ஒட்டுங்க. மத்தவங்க பாட்டிலை மூடியே வச்சிருக்கட்டும். ஃபைனல் இயர் நாங்க இன்னும் கொஞ்ச மாசத்துல கிளம்பிடுவோம். ஜூனியர்ஸ், இந்த வாரமே நாலு பேர் சேர்ந்து அந்தத் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்க. பத்து நிமிஷ வேலைதான்.