வயல் விடுற மூச்சை யார் அளக்கிறது?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு 'பாயம்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். ஒரு பரப்புக்குள்ளால குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு போகுது என்ற கணக்கு. வயலுக்கும் அது இருக்கு. பகலில் பயிர் காபனீரொட்சைட்டை இழுக்கும், இரவில் பயிரும் மண்ணும் அதைத் திருப்பி விடும். தண்ணி ஆவியாகி மேலே போகும். வெள்ளம் நிற்கிற நெல்வயலில் இருந்து மெதேனும் கிளம்பும்.

இதை அளக்கிறதுக்கென்றே கோபுரங்கள் இருக்கின்றன. காற்று மேலே போகுதா கீழே வருதா, அதில் வாயு எவ்வளவு இருக்கு என்று செக்கனுக்குப் பத்து இருபது தடவை பார்க்கும். கருவிகளின் விலை பல பத்தாயிரம் டொலர். இப்படியான கோபுரங்களின் தரவைச் சேர்த்த 'ஃபிளக்ஸ்நெற் 2015' தொகுப்பில் 212 இடங்கள் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான்.

அப்ப எங்கட வயலுக்கு? சொந்தமாக அளக்காதவர்களுக்கென ஐ.பி.சி.சி. 2019இல் திருத்திய வழிகாட்டியில் ஒரு எண் இருக்கு. தொடர்ந்து தண்ணி நிற்கிற தெற்காசிய நெல்வயல் ஒரு ஹெக்டேயருக்கு ஒரு நாளில் விடுற மெதேன் 0.85 கிலோ. பஞ்சாப்புக்கும் அதுதான், இரணைமடுவுக்குக் கீழே இருக்கிற வயலுக்கும் அதுதான். போகத்துக்கிடையில் பல தடவை வயலைக் காயவிட்டால் அதை 0.55ஆல் பெருக்கச் சொல்லுது. மதிப்பீட்டுக்கு இது போதும். ஆனால் நாளைக்கு ஒரு கம்பனி காபன் வரவு ஒப்பந்தத்தோட எங்கட கமக்காரரிட்ட வந்தால், இந்த எண்தான் காசாக மாறும். எதிர்த்துக் கேட்க அவரிட்ட வேற எண் இருக்காது. எனக்குப் பயம் அதில்தான்.

மலிவாக அளக்க வழி இருக்கு. வாளி ஒன்றை மண்ணில் கவிழ்த்து, உள்ளே சின்னக் காபனீரொட்சைட்டு உணரி ஒன்றை வைத்து, சில நிமிடத்தில் செறிவு எவ்வளவு ஏறுது என்று பார்க்கிறது. ஏறும் வேகத்தோட வாளியின் கனவளவும் பரப்பும் தெரிந்தால் பாயம் வந்துவிடும். "மலிவு உணரியில 30 பிபிஎம் பிழை வருமே" என்று கேட்பீர்கள். வரும்தான். ஆனால் இங்கே தேவை சரிவு. தொடக்கத்தில் கூடக் காட்டுற உணரி முடிவிலும் அதே அளவு கூடக் காட்டினால் பிழை வெட்டுப்பட்டுப் போகும்.

மெதேன் அவ்வளவு லேசில்லை. மலிவான மெதேன் உணரிகள் ஈரப்பதனுக்கு மோசமாக ஏமாறும். ஆய்வுகூடக் கருவியோட ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணை நம்பக்கூடாது. பல்கலைக்கழகங்கள் கட்டாயம் வரவேண்டிய இடம் இது. இன்னொன்று, வாளிக்குப் பக்கத்தில் சேற்றை மிதித்தால் குமிழி கிளம்பி அளவீடு எகிறும். பலகை போட்டு நில்லுங்கோ.

ஆனாலும் என்னைக் கேட்டால் தண்ணியில் தொடங்குவம். காபன் கணக்கு முதலில் வேற யாருக்கோ தேவை. தண்ணிக் கணக்கு கமக்காரருக்கு இந்தக் கிழமையே தேவை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கிணறுதான். செம்மண் தோட்டத்துக்குக் கூட இறைக்கிற தண்ணி போட்ட யூரியாவையும் கழுவிக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள்ளால அதே கிணற்றுக்குத்தான் போகுது. வலிகாமத்துக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பிரச்சினை தெரியாத ஆள் இல்லை.

இதுக்குக் கருவி மரக்கறிக்கடைத் தராசு. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வாளியில் தோட்டத்து மண்ணையும் அதே பயிரையும் வைத்து, தோட்டத்துக்குள்ளேயே விட்டு, காலையில் தினமும் நிறுக்கிறது. 70 கிராம் குறைந்தால் 1 மில்லிமீற்றர் தண்ணி போயிருக்கு. மழை பெய்த நாளைக் கணக்கில் சேர்க்காதேங்கோ. 5 மில்லிமீற்றர் போனால் ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 1,250 லீற்றர். பம்ப் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறைக்குது என்று பரலொன்றை நிரப்பிப் பார்த்தால் மிச்சத்தை அவரே கணக்குப் பார்ப்பார்.

இதெல்லாம் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் ஆபிரிக்காவைப் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 'கமீலியன்' என்றொரு மண்ணீர் உணரி செய்தது. எண்ணே இல்லை, மூன்று நிறம்தான்: நீலம் என்றால் ஈரம், பச்சை அளவானது, சிவப்பு காய்ச்சல். தன்சானியா, மொசாம்பிக், சிம்பாப்வேயின் சிறு கமக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களாகவே இறைப்பைக் குறைத்தார்கள். யாரும் வகுப்பெடுத்து மிரட்டத் தேவைப்படேல்லை.

இளையோர் குழுக்கள் செய்யக்கூடிய வேலை இது. ஒரு ஊரில் பத்துத் தோட்டம், பத்து வாளி, ஒரு தராசு. ஆனால் அளந்த கொப்பி கமக்காரரின் வீட்டில்தான் இருக்க வேணும். நாங்கள் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், அதுவும் அவரிட்டக் கேட்டுத்தான்.