158 சென்டிமீட்டருக்குள் அடங்காத பலகை

அலைச்சறுக்குப் பலகையோடு விமானம் ஏறுவது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் கவலை என்று இலக்கிய நண்பர்கள் சிலர் கருதுகின்றனர். தூத்துக்குடிக் கரையில் இருந்துகொண்டு அவ்வாறு கருதுவதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. நமக்குத் தெற்கே மணப்பாட்டில் பலகை ஓட்டுகிறார்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இவ்விளையாட்டை வளர்த்தவர்களுள் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலில் கட்டுமரக்காரர்களின் வாழ்வைப் படித்து உருகியவர்கள், அதே கடலில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலகையின்மீது எழுந்து நிற்கும்போது மட்டும் முகம் சுளிப்பது ஏன்? கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தோம் என்று மேடைதோறும் முழங்குவோரும் இவர்களேதான்.

விதியைப் பாருங்கள். விமானத்தில் ஏற்றும் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்பது பரவலான வழக்கம். ஆறடிப் பலகையின் நீளம் மட்டுமே 183 சென்டிமீட்டர். அதன் எடையோ மூன்று கிலோ அளவில்தான் இருக்கும். உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாக அனுமதிக்கப்படும் 15 கிலோவை முழுதாக அடைத்துக்கொண்டு வரும் பெட்டி கட்டணமின்றிப் போகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள பலகை குற்றவாளியாக நிற்கிறது. நீளமான பொருள் இடத்தை அடைக்கும், கையாளக் கடினம் என்பது உண்மைதான். அதற்கொரு கட்டணம் கேட்பதிலும் தவறில்லை. அக்கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதும், பணம் கட்டிய பிறகும் 'இடமிருந்தால் ஏற்றுவோம்' என்று சொல்வதும்தான் நாம் எதிர்ப்பவை.

இந்நிலையில் பை விற்போர் காட்டில் மழை. சக்கரம், பல அறைகள், தடித்த பிடிகள் என்று அடுக்கிய பை, பலகையைவிடக் கனத்துவிடுகிறது. நான்கைந்து பலகைகளை ஒன்றாக அடுக்கும் நீண்ட பையைச் சறுக்கு வீரர்கள் 'சவப்பெட்டி' என்றே அழைக்கிறார்கள், பொருத்தமான பெயர். ஒற்றைப் பலகையோடு போகிறவருக்கு அது வேண்டாம். பத்து மில்லிமீட்டர் நுரைப் பஞ்சு, மூக்கிலும் வாலிலும் கூடுதல் தடிப்பு, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளி நிற மேலுறை, பலகையைவிடச் சில அங்குலம் கூடுதல் நீளம்: இவை போதும். பலகையின் உட்புறம் நுரை, மேலே கண்ணாடியிழைத் தோல். ஆகவே அடி விழுந்தால் முதலில் விளிம்புதான் உடையும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரை உறையை நெடுகப் பிளந்து விளிம்பில் மாட்டுவது சிக்கனமான காப்பு. துடுப்புகளைக் கழற்றித் துணியில் சுற்ற வேண்டும். வைகாசி வெயிலில் ஓடுதளத்தோரம் கிடந்தால் மெழுகு உருகி எங்கும் அப்பும். அதைச் சுரண்டிவிட்டே கட்டுவது நலம். மிச்ச இடத்தில் துணிகளைத் திணிக்கலாம், ஆனால் அளவோடு. கனத்த பையை யாரும் தூக்குவதில்லை, இழுத்தெறிகிறார்கள்.

எல்லாம் செய்த பிறகு, 'உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்ற சீட்டில் கையொப்பம் கேட்கிறார்கள். இந்தியா 2009இல் இணைந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை (1999) பன்னாட்டுப் பயணங்களில் நிறுவனத்தின் பொறுப்பை அடியோடு தட்டிக்கழிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது. பொருளின் இயல்பான குறையாலோ தன்மையாலோ நேர்ந்த சேதத்துக்கு விலக்கு உண்டு. மென்மையாக இருப்பது குறையா? நுரையாலான பொருளை அதற்குரிய உறையில் கட்டிக் கொடுத்திருக்கும்போது அதை வீசியெறிவது பலகையின் குற்றமாகாது. எனவே அச்சீட்டில் கையொப்பமிட நேர்ந்தாலும், சேதத்தைக் கண்டவுடன் விமான நிலையத்தைவிட்டு வெளியேறுமுன் எழுத்தில் முறையிட வேண்டும். நாள் கடத்தினாலும் ஏழு நாட்களுக்குள் முறையிட்டாக வேண்டும். அதன் பின் உரிமை போய்விடும்.

வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் திறந்த புதிய முனையம் 17,340 சதுர மீட்டர். பளபளப்பில் குறைவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம் முதல் ஜல்லிக்கல் வரை ஏற்றிய தோணிகளின் ஊர் இது. எந்தச் சரக்கை எங்கே வைத்தால் அலையில் உருளாது என்பதைத் தோணிக்காரர் பயணியிடம் கேட்டதில்லை. அது அவருடைய தொழிலறிவு. அந்த அறிவின் சிறு பகுதியையாவது, பணம் வாங்கிக்கொண்டு பலகையை ஏற்றுவோரிடம் எதிர்பார்க்கிறோம். கட்டணம் இவ்வளவு, ஏற்றுவது உறுதி, உடைந்தால் இழப்பீடு இவ்வளவு என்ற மூன்றையும் சீட்டு விற்கும்போதே தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும்.